ஏஜெண்டு சொன்ன மழை

அந்த மனிதர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற ஒரு சொல்லை வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கறம்பக்குடிக் கடைத்தெருவில் பஸ் வந்து நிற்கும் இடத்தில் அவர் ஏஜெண்டு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை எழுதினால் அவருடைய பேரன் பேத்திகள் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்லப்போவது முழுக்க நல்லதாகவும் இல்லை. ஊரே ஏஜெண்டு என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

டிக்கெட் கிழிப்பது, மூட்டையை நிறுத்து மேலே ஏற்றிவிடுவது, பஸ் எப்போது வரும் என்று சொல்வது, இந்த மூன்றும் அவர் வேலை. முதல் இரண்டுக்கும் பஸ் வந்தாக வேண்டும். ஆகையால் மூன்றாவதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். யார் போய்க் கேட்டாலும் "இந்தா, ஆலங்குடி தாண்டிருச்சு" என்பார். ஆலங்குடியிலிருந்து அந்தச் சேதி வர வேண்டுமென்றால் அதுவும் அந்தப் பஸ்ஸில்தான் வர வேண்டும். தாண்டியது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். சத்தம் கேட்கிறதே என்று காதைத் தொட்டுக் காட்டினார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் இரைச்சல் கேட்டது. அன்றைக்கு அந்தப் பஸ் புதுக்கோட்டையை விட்டே கிளம்பவில்லை. சக்கரம் கழன்று கிடந்ததாம்.

ஒல்லியான ஆள். பொத்தான் போன காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில், ஒரு பக்கக் கம்பி உடைந்து நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. யாராவது ஏதாவது கேட்டால், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கேட்டவர் முகத்தை நேராகப் பார்ப்பார். நமக்கே, ஏதோ பெரிய கேள்வி கேட்டுவிட்டோம் என்று தோன்றிவிடும். பிறகு பதில் சொல்வார். அந்தப் பதிலில் கொஞ்சமும் தயக்கம் இருக்காது. எனக்கு எரிச்சல் வந்ததே அந்தத் தயக்கமின்மையைப் பார்த்துத்தான்.

பஸ் விஷயத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அவர் மழையும் சொன்னார்.

சென்னையில் அச்சாகும் பத்திரிகை ரயிலில் புதுக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கறம்பக்குடிக்கு வரும். டிரைவர் இறங்கும்போதே அதை ஏஜெண்டு கையில் கொடுத்துவிடுவார். மூட்டை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அதில் ஏறி நின்று உரக்கப் படிப்பார். வெள்ளைக்காரன் என்ன செய்தான், காங்கிரஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் ஜனங்கள் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பார்கள். காத்துக்கொண்டிருந்தது கடைசியில் ஒரு மூலையில் நாலு வரி இருக்குமே, மழை உண்டா இல்லையா என்பது, அதற்குத்தான். அவருக்கும் அது தெரியும். அந்த நாலு வரியைக் கடைசியாகத்தான் படிப்பார்.

எங்கள் ஊர் அங்கிருந்து மூன்று மைல். கண்மாய்க்குக் கீழே இருப்பவர்களுக்கு நெல். எங்களுக்கு மேட்டில் இரண்டு ஏக்கர் செம்மண். அதில் நிலக்கடலை. வானம் பார்த்துத்தான் போட வேண்டும், வானம் பார்த்துத்தான் பிடுங்கவும் வேண்டும். பிடுங்குவதுதான் பெரிய பாடு. மண் காய்ந்து இறுகிக் கிடந்தால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் ஒரு மழை பெய்து மண் இளகவேண்டும். பிடுங்கிப் போட்ட பிறகு காய் காய்வதற்கு நாலு நாள் வெயில் வேண்டும். அப்போது மழை வந்தால் கடலை தோலுக்குள்ளேயே முளைத்துவிடும். சரி, பிடுங்காமல் விட்டுவைக்கலாமே என்றால், முற்றிய கடலை மண்ணுக்குள்ளேயே முளைக்கும். ஐப்பசி மாதத்தில் மழைக்கும் மழைக்கும் நடுவே அந்த நாலு நாள் எப்போது வரும் என்று தெரிந்தால் போதும், வருஷத்துக்குச் சோறு இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் எந்த முடிவும் எடுக்கமாட்டார். வயலில் நின்று வானத்தைப் பார்ப்பார், மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். என்ன செய்யலாம் என்று நான் கேட்டால் "ஏஜெண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு" என்பார். ஒன்றும் சொல்லாத மனிதர் வீட்டில், எல்லாம் சொல்லும் மனிதர் கடைத்தெருவில். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று மைல் நடந்தவள் நான்.

நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். கடைத்தெருவில் அது யாருக்கும் தெரியாது, நானும் சொல்லிக்கொண்டதில்லை. ஒருநாள் அவர் பெஞ்சில் நின்று படிக்கும்போது பத்திரிகையின் மேல்பக்கம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. தேதியைப் பார்த்தேன். நேற்றைய தேதி. அதில் 'நாளை மழை பெய்யலாம்' என்று போட்டிருந்தால் அந்த நாளை என்பது இன்று. இவர் 'நாளைக்கு' என்று படித்துக்கொண்டிருக்கிறார், நாங்களும் நாளைக்கு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். எத்தனை வருஷமாக என்று கணக்கில்லை. எத்தனை பேர் ஒருநாள் பிந்தி விதைத்தார்கள், ஒருநாள் முந்தி அறுத்தார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் கலைந்ததும் போய்ச் சொன்னேன். தேதியைத் தடவிப் பார்த்தார். இனியாவது சரியாகச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னைக்குன்னு வச்சுக்கங்க ஆத்தா" என்றார்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து 'நாளை' என்று இருக்கும் இடத்தில் 'இன்னைக்கு' என்று படித்தார். அன்று காலையே மழை பெய்து முடிந்திருந்தால், பார்த்தீர்களா, முன்னாலேயே சொல்லியிருக்கிறான் என்று பத்திரிகையைத் தட்டிக் காட்டுவார். மழையே பெய்யாவிட்டாலும் அவரிடம் வழி இருந்தது. பத்திரிகையில் 'சில இடங்களில்' என்று ஒரு சொல் எப்போதும் இருக்கும். எங்கே மழை என்று நாங்கள் போய் நின்றால், "பெஞ்சிருக்குங்க. சில இடத்துல பெஞ்சிருக்கு. அதுல நம்ம இடம் இல்ல, அம்புட்டுத்தான்" என்பார். கீரனூரில் பெய்திருக்கும், கொடும்பாளூர்ப் பக்கம் பெய்திருக்கும் என்று திசை திசையாகக் கையை நீட்டுவார். யார் கீரனூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது?

என் நாத்தனார் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பந்தலுக்குக் கீற்று மேய்வதா, வெறும் துணி கட்டினால் போதுமா என்று ஏஜெண்டைக் கேட்டோம். துளி விழாது என்றார். துணியைக் கட்டினோம். முதல் பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் ஊற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊற்றிய ரசம் ஒவ்வொருவர் இலையிலும் இரண்டு மடங்காகிவிட்டது. ஏஜெண்டும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடவில்லை. இலையின் ஓரத்தை மடக்கிச் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் இது மழை இல்லை, மேகம் போகிற போக்கில் தெளித்துவிட்டுப் போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நனைந்த அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மழை இல்லை என்று அவர் சொன்ன நாட்களில் அவர் கையில் குடை இருக்கும். ஏன் என்று கேட்டேன். வெயிலுக்கு என்றார்.

இத்தனைக்கும் அந்த ஆளை வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் என் தலைவலி. ஒருமுறை எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பட்டுக்கோட்டைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போகத் துணையில்லாமல் வந்து நின்றாள். வலி எடுத்துவிடுமோ என்று பயந்து போயிருந்தாள். பஸ் வரவில்லை. இவர் அரை நாழிகைக்கு ஒருதரம் அவளிடம் வந்து, "வந்துரும் ஆத்தா, இந்தா வந்துரும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அறையலாம் போல இருந்தது. வெயில் சாய்ந்ததும் யாரிடமோ மாட்டுவண்டி கேட்டு வாங்கி, வைக்கோல் பரப்பி, அவளை ஏற்றி உட்காரவைத்தார். வண்டிக்குப் பக்கத்திலேயே தானும் நடந்தார். தெரு முனை திரும்பும்வரை, பின்னாலேயே பஸ் வந்துவிடும், வழியில் ஏறிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே போனார். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. மறுநாள் அவர் கால் வீங்கிப்போய் இருந்தது.

அன்றைக்குத்தான் கேட்டேன், தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. வழக்கம்போல என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கேக்குறவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு அத எப்புடி ஆத்தா சொல்றது?"

அது ஒரு பதிலாக எனக்குப் படவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையிலேயே பஸ்ஸை ஓட்ட, அதற்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கண்டக்டர் இறங்கி அடுப்பின் விசிறிக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, முகமெல்லாம் கரியோடு ஏறுவார். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். பத்திரிகை இளைத்துப்போய் நாலு பக்கம் ஆயிற்று. சில நாள் இரண்டு நாள் பத்திரிகை சேர்ந்து வரும். ஏஜெண்டு மட்டும் விடாமல் பெஞ்சில் ஏறினார். சண்டைச் செய்தியைப் படித்துவிட்டு, கடைசியில் மழையையும் படித்தார்.

அந்தக் காலத்தில் அவர் மழை சொன்ன விதம் மாறியிருந்தது. இப்போது யோசித்தால் அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். 'சில இடங்களில்' என்பது போயே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குமேல் ஒரு தூறல், புதன்கிழமை மூட்டம், வியாழக்கிழமை பளிச்சென்று வெயில் என்று, சோற்றுக்குக் குழம்பு சொல்வதுபோல் சொன்னார். யுத்தத்தில் ஏதோ புதுக் கருவி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு துல்லியம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சொன்னதில் பாதி பலிக்கவும் செய்தது. முன்பும் பாதிதான் பலித்தது.

அந்த வருஷம் கண்மாய் நிறையவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு. எங்களுக்கு அந்த இரண்டு ஏக்கர் கடலைதான் சோறு, அதுதான் அடுத்த வருஷத்துக்கு விதை. ஐப்பசியில் நல்லபடியாக ஒரு மழை பெய்து மண் இளகியது. செடி மஞ்சளித்துவிட்டது, ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தால் உள்தோல் கறுத்து, முற்றியிருந்தது. வானம் பாதி வெளுப்பு, பாதி மூட்டம். என் வீட்டுக்காரர் மண்ணைக் கசக்கினார், என்னைப் பார்த்தார். நான் கறம்பக்குடிக்கு நடந்தேன்.

ஏஜெண்டு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, இன்னும் நாலு நாளைக்கு மழை கிடையாது, ஐந்தாம் நாள்தான் லேசாக உண்டு என்று படித்தார். நாலு நாள் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. திரும்பிப் போகிற வழியிலேயே எட்டுப் பெண்களுக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் கொடியிலிருந்து கடலை ஆய்கிறவர்களுக்குக் கடலைதான் கூலி. அவரவர் ஆய்ந்து குவித்ததில் பத்துக்கு ஒரு படி அவரவருக்கு. மறுநாள் காலையில் வந்து பிடுங்கினார்கள். கொடியோடு குவித்துப் போட்டோம். அடுத்த நாள் வெயில் ஏற ஏற ஆய்வதாகப் பேச்சு.

அடுத்த நாள் வெயில் ஏறவில்லை. விடியும்போதே கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஓலை, சாக்கு, என் கல்யாணச் சேலைவரை கொண்டுபோய்க் குவியல்மேல் மூடினோம். நாலாம் நாள் விலக்கிப் பார்த்தபோது குவியல் கையைச் சுட்டது. உள்ளே காய்களெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தன. அந்த எட்டுப் பெண்களும் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். கடைசியில் பத்துக்கு ஒன்று என்று முளைத்த கடலையை அளந்து மடியில் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சந்தையன்று முளைத்த கடலையை ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு போனேன். ஏஜெண்டு பெஞ்சில் நின்று படித்துக்கொண்டிருந்தார். சந்தைக் கூட்டம் சுற்றி நின்றது. கடலையைத் தராசுத் தட்டில் கொட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அது வருவதற்குள் கையை நீட்டி அவர் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கிவிட்டேன்.

ஒரு பொம்பளை கடைத்தெருவில் ஆம்பிளை கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்குவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பிடுங்கியவள் படிக்கவும் செய்தாள். முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன், சண்டை. இரண்டாம் பக்கம், சண்டையும் துணிக் கட்டுப்பாடும். மூன்றாம் பக்கம், ஏதோ கோர்ட்டு வழக்கு. நாலாம் பக்கத்தில் ஒரு தலைவலித் தைலம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூலை மூலையாகப் பார்த்தேன். மழையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"எங்கேண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் பெஞ்சிலிருந்து இறங்கினார்.

"போடுறதில்ல ஆத்தா. யுத்தம்னு நிப்பாட்டிட்டாங்க. எதிரிக்கு ஏரோப்ளேன்ல வரத் தோதாப் போயிருமாம்."

எப்போதிருந்து என்று கேட்டேன். போன வருஷத்திலிருந்து என்றார். ஒரு வருஷம். ஒரு வருஷமாக அந்த மனிதர் இல்லாத வரியைப் படித்திருக்கிறார். ஏன் அண்ணே என்றுகூடக் கேட்கவில்லை. அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத்தான் தெரியுமே. ஜனங்கள் வந்து நிற்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், இவருக்கு வாய் சும்மா இருக்காது.

கூட்டம் அவர்மேல் பாயும் என்று நினைத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் சூள் கொட்டினார். அப்போது பின்னாலிருந்து, நெல் அறுக்க இருந்த ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் கையிலிருந்த பத்திரிகையையும் தட்டிலிருந்த கடலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏஜெண்டு பக்கம் திரும்பினார்.

"அது கெடக்கட்டுங்க. நாளைக்கு மழ உண்டா, இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏஜெண்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியாதுங்க" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷம் முழுக்க அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மழை கேட்டால் தெரியாது. பஸ் கேட்டாலும் தெரியாது. பத்திரிகையில் உள்ளதை மட்டும் படித்துவிட்டு இறங்கிவிடுவார். கூட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பேர் சவரக்கடைக்காரரிடம் போய் மழை கேட்டார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வாராம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தெரியாது என்ற பதிலைக் கேட்டுவிட்டு, அவர் என்னவோ பஸ்ஸையே ஒளித்துவைத்ததுபோல் முறைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பொம்பளை வந்து கெடுத்துவிட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்ன ஆளை விட்டுவிட்டு என்னை ஏசுகிறார்களே என்று வீட்டில் பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன்.

மறுபடி ஐப்பசி வந்தது. என் அண்ணன் வீட்டிலிருந்து விதை வாங்கிப் போட்டிருந்தோம். இதுவும் போனால் அடுத்த வருஷம் நிலத்தில் போட ஒன்றும் இல்லை. முந்தா நாள் பெய்த மழையில் மண் பதமாக இளகியிருந்தது. வானம் அதே பாதி வெளுப்பு, பாதி மூட்டம். எட்டுப் பெண்களையும் அன்று காலை வரச் சொல்லியிருந்தேன். அவர்களை இன்று திருப்பி அனுப்பினால் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள், பத்து நாளைக்குப் பிடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் மண்ணைக் கசக்கினார். அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

ஏஜெண்டு தனியாக இருந்தார். மழை உண்டா என்று கேட்டேன். தெரியாது ஆத்தா என்றார். பத்திரிகையில் என்று இழுத்தேன். இன்னும் போடுவதில்லை என்றார். நான் போகாமல் நின்றேன். உங்கள் மனதுக்கு என்ன படுகிறது என்று கேட்டேன். தலையை ஆட்டினார். குடை கொண்டுவந்திருக்கிறாரா என்று பெஞ்சுக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

"சும்மாவாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே. ஒங்களக் கோவிச்சுக்க மாட்டேன்."

அதைச் சொன்னது என் வாய்தான். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"மெய்யாவே எனக்குத் தெரியாது ஆத்தா" என்றார்.

திரும்பி நடந்த மூன்று மைலும் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். இத்தனை வருஷம் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்த மனிதருக்கு, நான் கேட்டபோது ஒன்று சொல்ல மனசு வரவில்லையே என்று திட்டினேன். இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியும்.

வயலில் எட்டுப் பேரும் கூடையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் முளைத்த கடலையை மடியில் வாங்கிப் போனவர்கள்தான் அத்தனை பேரும். நான் வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கை நிறைய மண்ணோடு நின்றார். ஏஜெண்டு என்ன சொன்னார் என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பது பேர் முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது.

"நாலு நாளைக்கு மழ இல்லைன்னுட்டாரு."

அவர் இப்போது மழை சொல்வதில்லை என்றார்களே என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். என்னிடம் சொன்னார் என்றேன். அவ்வளவுதான், சேலையை ஏறச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்கள்.

அன்று முழுக்க நல்ல வெயில். மறுநாள் உச்சிவேளைவரையிலும் வெயில்தான். பாதிக் குவியலை ஆய்ந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். அதற்குப் பிறகு மழை வந்தது. மீதிப் பாதி போயிற்று. பெண்களுக்குக் கூலியாகப் போனதில் நல்ல கடலை கொஞ்சம், முளைத்தது கொஞ்சம். வரப்பில் உட்கார்ந்து பிரிக்கும்போது அவர்கள் ஏஜெண்டை ஏசியதை இங்கே எழுத முடியாது. நான் குனிந்து கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சந்தையன்று எட்டுப் பேரும் நேராக அவரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன், போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று. எங்கள் பிழைப்பைக் கெடுப்பதே உங்கள் வேலையா, தெரியாதென்று ஊருக்குச் சொல்லிவிட்டு எங்களுக்கு மட்டும் ஏன் நாலு நாள் என்று சொன்னீர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கமாகக் கேட்டார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் கூடையை மூடியிருந்த துணியைச் சரிசெய்தேன்.

"ஆமாத்தா. நாஞ் சொன்னது தப்பாப் போச்சு. பொறுத்துக்கங்க" என்றார்.

நாத்தனார் கல்யாணப் பந்தியில் மழையில் உட்கார்ந்து மழை இல்லை என்று சாதித்த மனிதர் அவர். தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் நின்றார்கள், வாய் வரவில்லை.

அதன்பிறகு அவர் இருந்தவரைக்கும், அந்த எட்டுப் பேரில் யார் அவரைப் பார்த்தாலும் அந்தக் கடலையைச் சொல்லிக் காட்டாமல் போனதில்லை. அவரும் ஆமாத்தா, தப்புத்தான் என்பார். பல தடவை நான் பக்கத்திலேயே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன்.